விளம்பர இடைவேளையில் நான் சொன்ன தீர்ப்பு

என் மகள் பள்ளியில் படித்த காலத்தில், பெற்றோர் கூட்டமொன்றில் ஆசிரியை ஒருவர், பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன் தனியே விட்டுவிடாமல் உடன் உட்கார்ந்து பாருங்கள் என்றார். அதில் வருவதை வைத்துப் பேச்சுக் கொடுங்கள், நேரே கேட்டால் சொல்லத் தயங்குவதைக் கதையைச் சாக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள் என்றும் சொன்னார். நான் எழுந்து, எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது என்றேன். பூம்பாறையில் எங்கள் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிப் பட்டம் பெற்றவன் நான். எனக்குத் தெரியாத ஒன்றை அந்த அம்மையார் சொல்லிவிட்டதாகப் பிறர் நினைப்பதை நான் விரும்பவில்லை.

உண்மையில் அன்று மாலைதான் அதைத் தொடங்கினேன். ஏழு மணித் தொடரை மூவரும் சேர்ந்து பார்ப்போம். மனைவியும் மகளும் விதைப்பூண்டைப் பல் பல்லாக உதிர்த்துக்கொண்டிருப்பார்கள். விளம்பரம் வந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று கேட்பேன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை எதுவானாலும் ஊரில் என்னை உட்காரவைத்துத்தான் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில், மகள் வாய் திறப்பதற்குள் தீர்ப்பையும் நானே சொல்லிவிடுவேன்.

"சோப்பு வெளம்பரத்தயாச்சும் சத்தத்தோட பாக்க விடுங்க. அவளுக என்ன ஒங்ககிட்டயா பிராது குடுத்தாளுக?" என்பாள் மனைவி. மகள் சிரிப்பாள். பேச்சு நன்றாகத்தான் நடக்கிறது என்று நான் நம்பினேன்.

மகள் கொடைக்கானலில் கல்லூரி இறுதியாண்டு படித்தபோது, கவுஞ்சியில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு அவளை நிச்சயம் செய்தோம். அத்தை மகன், உரிமையுள்ளவன். கொடைக்கானலில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறான். தாம்பூலம் மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்த ஒரு மாலையில், தொடரில் வந்த மாப்பிள்ளை தனக்கு நிச்சயித்த பெண்ணை நடுத்தெருவில் அறைந்தான். விளம்பரம் வந்தது. ஒலியை நிறுத்தினேன். நான் கேட்குமுன் மகள் கேட்டாள்.

"அப்பா, இந்தப் புள்ள இத வீட்டுல சொல்லலாமாப்பா?"

அவளாகவே கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. நிதானமாகச் சொன்னேன்: "தாம்பூலம் மாத்தியாச்சுன்னா ரெண்டு குடும்பத்து மானம் அதுல கெடக்கு. ஒரு அடிக்காக வந்து சொன்னா, பெத்தவன் வெளிய தல காட்ட முடியாது. பொறுத்துப் போறதுதான் அந்தப் புள்ளைக்கு அழகு."

"சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பூண்டை உதிர்க்கத் தொடங்கினாள்.

மறுநாளிலிருந்து தொடரின் பாட்டுச் சத்தம் கேட்டதும் அடுக்களைக்குப் போய்விடுவாள். பரீட்சை நெருங்குகிறது என்று நினைத்தேன். எட்டு, ஒன்பது நாள் கழித்து ஒரு காலையில், அவள் பேருந்துக்குப் போன பிறகு மனைவி என்முன் வந்து நின்றாள்.

"ஏங்க, அவ காது வெறுமனே கெடக்கே, பாத்தீங்களா?"

"ஏன், கம்மலத் தொலைச்சுட்டாளா?"

"பஸ் ஸ்டாண்டுல ஒங்க மருமகன் அறைஞ்ச அறையில ஒண்ணு தெறிச்சு விழுந்துருச்சு. கூடப் படிக்கிற பையன்கிட்ட நோட்டு வாங்கினாளாம், அதுக்கு. எனக்கே இன்னைக்கு வெள்ளனேதான் சொன்னா. ஏண்டி இத்தன நாளா சொல்லலன்னா, சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாருங்கறா."

என் முதல் நினைப்பு மகளைப் பற்றியதாக இருக்கவில்லை என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. நிச்சயத்துக்கு வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஊரார் வழக்கையெல்லாம் தீர்த்தவன் சொந்தத் தங்கையோடு வழக்காடப் போகிறான் என்று பேசுவார்கள். பகல் முழுவதும் அதையே எண்ணிக்கொண்டு தோட்டத்துப் படிகளில் ஏறி இறங்கினேன். ஒரு வேலையும் செய்யவில்லை.

மாலையில் தொலைக்காட்சியைப் போட்டேன். மகளிடம் நேரே கேட்க எனக்கு நா எழவில்லை. விளம்பரம் வரும்வரை காத்திருந்து, ஒலியை நிறுத்தி, அவளைக் கூப்பிட்டேன். அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு அந்தப் புள்ளயப் பத்திக் கேட்டியே தாயி, நான் சொன்னது தப்பு. அவ வீட்டுல சொல்லியிருக்கணும்."

"எந்தப் புள்ளப்பா?"

அவள் என்னைத் தப்பவிடவில்லை.

"நீதாம்மா" என்றேன்.

வந்து உட்கார்ந்தாள். நடந்ததை அழாமல் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "யாரும் பாத்தாங்களா?" என்பது.

"நம்மூரு பஸ் கெளம்புற நேரம்ப்பா. பஸ்ஸே பாத்துச்சு. பக்கத்துல இருந்த அக்கா தண்ணி குடுத்தாங்க. அப்பறம் ஊரு வர்ற வரைக்கும் யாரும் ஒண்ணும் பேசல."

அப்படியானால் இத்தனை நாளும் கடைத்தெருவில் எனக்கு வணக்கம் சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக எண்ணிய மானத்தைப் பற்றி என்னிடம் சொல்ல மட்டும் ஆளில்லை. யாராவது வந்து சொல்லியிருந்தாலும் அவரை நான் எப்படிப் பேசி அனுப்பியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் நிச்சயப் புடவையை எடுத்துக்கொண்டு கவுஞ்சிக்குப் போனேன். தங்கை தண்ணீர்ச் செம்போடு நின்றபடியே கேட்டாள்.

"ஒரு அடிக்காண்ணே? நான் அவனக் கூப்புட்டுக் கண்டிக்கிறேன். ஊரு என்ன பேசும், நீங்களே சொல்லுங்க."

நான் மகளிடம் சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கடிந்துகொள்ள எனக்குத் தகுதியும் இல்லை. புடவையைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்பினேன். அதன்பின் தங்கை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

வீடு திரும்பியதும் மகளிடம், "குடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அம்மா சொல்லலன்னா, நீங்களாக் கேட்டிருப்பீங்களாப்பா?"

கேட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல தாயி" என்றேன்.