பூட்டுக்காரரின் நடுக்குரல்

சாவியைத் தொலைத்தவர்கள் தேடி ஓடும் பூட்டுக்காரர், வீட்டுக்குள் மட்டும் வாயில்லாப் பூச்சி. தொழிலாளர் மன்றத்துப் பாட்டுக் குழுவில் பதினொரு வருஷமாகப் பாடுகிறார். பெண்கள் மெட்டைப் பாடுவார்கள், தடித்த குரல்காரர்கள் அடியில் தாங்குவார்கள், இவருக்கு நடுக்குரல். சாவியை அரத்தால் ராவிக்கொண்டே வீட்டில் அதைத்தான் பழகுவார். தனியாகக் கேட்டால் அதில் மெட்டே இருக்காது. மூன்று சுரத்துக்குள் செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வரும்.

அவர் மனைவிக்குச் சலவைக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. குழு பாடி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மனுஷனுக்குப் பாட்டே வராது, போனால் போகட்டும் என்று உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள். காதில் விழுந்ததை வைத்துத்தானே பாவம், அவளும் பேச முடியும்?

இந்த வருஷ ஆண்டுவிழாவுக்கு அவளுக்கு விடுப்புக் கிடைத்தது. கூட வேலை செய்கிற பெண்களும் வருகிறார்கள். கிளம்பும்போது அவர் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: “என்னங்க, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் வாயை மட்டும் அசைங்க. அவங்க உங்களைப் பாத்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாது.”

கோபித்திருந்தால்கூடத் தேவலை. சரி என்று தலையாட்டிவிட்டார் மனிதர்!

குழுவில் நடுக்குரல் இரண்டே பேர். அன்று பார்த்து மற்றவருக்குக் காய்ச்சல், மேடையில் இவரோ வாயை மட்டும் அசைத்தார். எந்தப் பாட்டுக்கும் வீடு மாதிரி ஒரு சுரம் உண்டு. எங்கெங்கோ அலைந்துவிட்டு அங்கே திரும்பினால்தான் மனசு ஆறும். முதல் பாட்டு திரும்பி வந்தது. ஆனால் வீட்டில் ஆளில்லை. கைதட்டலும் சுரத்தில்லாமல் வந்தது.

பாட்டு டீச்சர் பூட்டுக்காரரிடம் வந்து, ஏன் பாடவில்லை என்று மெதுவாகக் கேட்டார். பொய் சொல்லத் தெரியாதவர், நடந்ததைச் சொன்னார். டீச்சர் முன்கோபக்காரி, அன்று மட்டும் கோபமே வரவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே மெட்டையே பாடினார்களாம். பிறகு வீட்டுச் சுரத்திலிருந்து எண்ணி ஐந்தாவது சுரத்தைக் கூடச் சேர்த்தார்களாம். நடுக்குரல் பிடிக்கிற மூன்றாவதை மட்டும், காதை உறுத்துகிறது என்று நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்களாம்.

டீச்சர் சைகை காட்டியதும் அடிக்குரல்காரர்கள் வீட்டுச் சுரத்தைப் பிடித்தார்கள். பெண்கள் ஐந்தாவதைப் பிடித்தார்கள். பிசகில்லை, ஆனால் வெறிச்சென்று இருந்தது. டீச்சர் பூட்டுக்காரருக்குக் கை காட்டினார். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைப் பாடினார்.

அடடா! அடைத்துக் கிடந்த வீட்டில் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. டீச்சர் கையைக் கொஞ்சம் தாழ்த்தினார். மற்றவர்கள் அசையவில்லை, அவர் மட்டும் அரைச்சுரம் இறங்கினார். அவ்வளவுதான், அதே சத்தம் அழுகையாக மாறிவிட்டது. சலவைக்கூடத்துப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். திரும்ப ஏறினார், எல்லார் முகமும் தெளிந்தது. மனைவி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் அவள் கேட்டாள்.

“பதினொரு வருஷம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ சொன்னதுலயும் தப்பில்ல. தனியாப் பாடினா என்னோடது பாட்டே இல்ல.”

அவள் இன்னும் ஒட்டி நடந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப ஏன் தனியாப் பாடணும்? மெட்டை எனக்குச் சொல்லிக் குடுங்க.”