கலியபெருமாள் அண்ணனின் ஜெர்மன் கார்

“சம்பந்தி, நம்ம கலியபெருமாள் போயிட்டாருங்க” என்று போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மருமகனின் தகப்பனார் போனில் சொன்னார். அவர் வாயில் வந்த அந்த ‘சம்பந்தி’ என்ற சொல்லே அண்ணன் எனக்கு வாங்கித் தந்ததுதான். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அண்ணனை அறிந்த நீங்கள் அதையும் அறிய வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கத்தில் ஜீப் ஓட்டியவர் அவர், பர்மனென்ட். நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து முத்தாண்டிக்குப்பம் போன கையோடு, ஊரைவிட்டுப் போன அதிகாரி ஒருவரின் பழைய கறுப்பு ஜெர்மன் காரை வாங்கினார். கையால் கியர் போடுகிற டீசல் வண்டி. யானையைக் கட்டித் தீனி போடுகிறாரே என்று கேலி செய்யாத ஆளில்லை. அண்ணன் அசரவில்லை.

“மைன்ஸ்ல மண்ணு வெட்டுறது ஜெர்மன் மெஷினு. அதுக்குக் கீழயே இத்தன வருஷம் ஓட்டிக்கினு கெடந்தேன். ஒரு நாளாவது அவன் வண்டியில நான் உக்கார வேணாமா?”

உட்கார்ந்தார், ராஜா மாதிரி. யார் வீட்டுப் பெண் அழைப்பென்றாலும் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கியரை மட்டும் வேறு யாரையும் தொட விட்டதில்லை. சுரங்கத்துக்குள் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. அந்தப் பழக்கம் அவரோடு வெளியிலும் வந்துவிட்டது. “வெயிலுக்கே வெளிச்சம் காட்டிக்கினு போறாரு பாரு” என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

என் மகள் விரும்பிய பையன் பர்மனென்ட் வீட்டுப் பிள்ளை. பையனின் அப்பா சம்மதித்தார், ஆனால் மனம் இறங்கவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்தும் என்னை ‘ஏம்ப்பா’ என்றே கூப்பிட்டார். என் பெண் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து வாழப்போகிறாள் என்று மருகிப் போனேன். பெண் அழைப்பாவது குறையில்லாமல் நடக்கட்டும் என்று அண்ணனிடம் போய் நின்றேன். “நம்ம வூட்டுப் பொண்ணுடா, நீ போ” என்றார்.

நகரியத்துப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை முடிந்து, மாலையோடு மகள் காரில் ஏறினாள். அண்ணன் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. அர்ச்சனை முடியும்வரை விளக்கு எரிந்து, பேட்டரி இறங்கியிருந்தது. “வண்டியும் கான்ட்ராக்ட்டா?” என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோவைக் கூப்பிடவும் ஆள் கிளம்பிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அண்ணன் நிதானமாக இறங்கினார்.

“தப்பு என்னுதுங்க, லைட்ட அணைக்கல. பொண்ணு எறங்க வேணாம். கியர் வண்டிதான, தள்ளுனா கெளம்பிடும். மாப்ளையோட அப்பா, நீங்க பொண்ணோட அப்பா பக்கத்துல வந்து கை வைங்க. ரெண்டு வூட்டுப் பொண்ணுதான உள்ள குந்தினு இருக்குது?”

அத்தனை பேர் முன்னால் அவர் எப்படி மறுப்பார்? வந்தார். பட்டு வேட்டியோடு இருவரும் குனிந்து தள்ளினோம். வேட்டி காலில் சிக்கி நான் தடுமாறியபோது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “பாத்து சம்பந்தி, வேட்டிய மடிச்சுக் கட்டுங்க” என்றார். அண்ணன் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. உள்ளே என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, புகைக்கு நடுவில் நின்று சிரித்தோம்.

“ஆட்டோமேட்டிக்கா இருந்தா தள்ளியும் புண்ணியமில்ல” என்று அன்றைய பந்தியில் அண்ணன் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டார். அவர் செய்த தப்பைப் பற்றி அவரைவிட அதிகம் பேசியவர்கள் யாருமில்லை.

இறுதி ஊர்வலத்தில் அந்தக் கார் முன்னால் போக வேண்டும் என்றார் அண்ணி. என் மருமகன் ஏறிச் சாவியைத் திருப்பினான். பல நாள் நின்ற வண்டி, அசையவில்லை. யாரும் மெக்கானிக்கைத் தேடவில்லை. சம்பந்தி தானாகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய், தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நின்றார். “வாங்க சம்பந்தி” என்றார்.

தள்ளியதும் வண்டி கிளம்பியது. பகல் வெயிலில் முகப்பு விளக்கு எரிய, அண்ணனுக்கு முன்னால் அவர் வண்டி போனது. அந்த விளக்கை அணைக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. கலியபெருமாள் அண்ணனால் எனக்கு ஒரு சம்பந்தி கிடைத்தார் என்று எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.