மாமா கொடுத்த கேம் பெட்டி

டிவியில் என் மகனின் புது கேம் இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருந்தது. அந்த நீலக் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்ததும் நினைப்பில் சின்ன வயது ஆரணி வீட்டுக்குப் போய்விட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, எனக்கென்று ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு கேம் பெட்டி கொடுத்தார். கடையில் வாடகைக்கு எடுக்கும் சிடியை அதில் ஏற்றிக்கொண்டால் போதும், பிறகு சிடியே வேண்டாம். பாதி ஏறும்போது பின்கட்டில் அப்பாவின் பவர்லூம் சட்டென்று அடங்கும். கரண்ட் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சாயம் போட்ட பட்டின் வாடையில் பொழுதெல்லாம் உட்கார்ந்து ஒருவழியாக ஏற்றி முடித்தேன்.

அன்று சாயங்காலமே சேத்துப்பட்டு அத்தை தன் மகன் செந்திலோடு வந்தாள்.

"ஆம்பளப் புள்ள, அதையே பாத்துகினு ஏங்கறான்ணா" என்றாள்.

அப்பா எழுந்து தானே ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் துணிப்பையில் வைத்தார்.

"நான் இன்னும் ஒருவாட்டிகூட ஆடலப்பா."

"நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு. உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

கேமை எப்படித் திறப்பது என்று செந்திலுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது அப்பா என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். "புள்ள எவ்ளோ நேரமா காத்துகினு இருக்கான். ஜல்தியா ஆவாதா அது?" என்று பேரனுக்காகத் தவித்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"செந்திலுக்கு என் பெட்டியத் தூக்கிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்காப்பா?"

"எந்தப் பெட்டி?" என்றார்.