அரைக் கார்

என் தாய்மாமா வாங்கிய காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும் ஒரு சிவகாசி அச்சாபீஸ் குடும்பத்தில் இப்படியொரு காரை வாங்க அவரால்தான் முடியும். கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் மகன் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. மஞ்சள் நிறம், இடுப்பு உயரம். மாமா அதைத் தானே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிச்சத்த எப்பத் தருவாகளாம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்கு அரைக் கார் என்று பெயர்.

வீட்டில் மாமாவிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். எனக்கு எட்டு வயது. அப்பாவும் தாத்தாவின் அச்சாபீஸையே பார்த்துக்கொண்டதால் நாங்களும் தாத்தா வீட்டில்தான் இருந்தோம். மாமாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரே சீட் எப்படியோ என்னுடையதாகிவிட்டது.

காருக்குச் சில குணங்கள் உண்டு. ரிவர்ஸ் போட வேண்டுமென்றால் கியர் குமிழை அமுக்கிக்கொண்டே இடப்பக்கம் தள்ள வேண்டும். இது தெரியாத எங்கள் அச்சாபீஸ் வேன் டிரைவர் ஒருநாள் இதை ஓட்டிப் பார்க்க எடுத்து முட்டுச்சந்துக்குள் நுழைந்துவிட்டு, கடைசியில் தெருப் பையன்களை வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். கூரையைக் கழற்றினால் அதை வைக்கக் காரில் இடமில்லை. வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வழியில் மழை வந்தால் என்ன செய்வாய் என்று தாத்தா கேட்டார். எங்கள் சீமையில் மழை அப்படியெல்லாம் வந்துவிடாது என்று மாமா நம்பினார். அந்த நம்பிக்கை ஒருநாளும் பொய்க்கவில்லை. இருக்கன்குடி கோயிலுக்குப் பூஜை போடக் கொண்டுபோனபோது பூசாரி மஞ்சளைக் குழைத்து முன்பக்கம் பூசினார். பூசியது தெரியவே இல்லை. அவர் சந்தேகப்பட்டு இன்னொரு முறையும் பூசினார்.

பெரிய தொல்லை வேகத்தடைகள்தான். நேராக ஏறினால் அடிவயிறு உரசும். மாமா காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பாரம் குறைய வேண்டும் என்பதற்காக நான் முன்பே இறங்கி, வேகத்தடையைத் தாண்டி நடந்துபோய் நின்று, மறுபடி ஏறிக்கொள்வேன். சாத்தூர் போய்வந்தால் பாதித் தூரம் நடந்ததுபோல இருக்கும். தாண்டியதும் மாமா இறங்கிக் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார்.

இத்தனை தொல்லையும் எதற்கென்றால், கியருக்காக. மாமா ஊர் போய்ச் சேருவதற்காகக் கார் ஓட்டவில்லை, கியர் மாற்றுவதற்காகவே ஓட்டினார். கிளட்சை மிதித்து, நுனி விரல்களால் குமிழைத் தட்டினால் அது போய் விழுகிற இடத்தில் 'ளொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பின்னாலிருக்கும் சைலன்சர் லட்சுமி வெடி மாதிரி 'டொம்' என்று ஒரு போடு போடும். அதற்காகவே மதுரையில் ஒரு மெக்கானிக்கிடம் சைலன்சரை மாற்றி வைத்திருந்தார். சிவகாசிக்குள் அந்தச் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தச் சமயம் மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணுக்குச் சாத்தூர். அவள் அப்பாவுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இதை விற்றுவிட்டு, குடும்பம் போகிற மாதிரி ஒரு காரை வாங்கு என்றார் தாத்தா. மாமா மாட்டேன் என்றார். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னாள். பெண்ணின் அப்பா காரைப் பார்க்கட்டும். அவர் சரி என்றால் கார் இருக்கும். முகம் சுளித்தால் விற்றுவிட வேண்டும். தீபாவளி சீசன் என்பதால் அவரைக் கம்பெனியில்தான் பிடிக்க முடியும்.

மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது, பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. தாத்தா ஒருமுறை அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கும்படி ஆகியிருந்தது. அப்பாவுக்கு இடுப்புவலி. அம்மாவோ, ரோட்டில் உட்கார்ந்து போவதற்கு நான் வரவில்லை என்றுவிட்டாள். ஆகவே எங்கள் குடும்பத்தின் சார்பில் பெரியவராக நான் போனேன். பச்சைப் பட்டுப்பாவாடை கட்டி, மடியில் பழத்தட்டைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். "அங்கன போயி வாயத் தொறக்காம இரு" என்றாள் அம்மா. எனக்குக் கவலை வேறு. கார் இருந்தால் சீட் வரப்போகிற அத்தைக்குப் போய்விடும். கார் போனால் சீட்டே போய்விடும். இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சாத்தூர் வரை வேண்டிக்கொண்டே போனேன்.

ஏழாயிரம்பண்ணை ரோட்டில் இரண்டு பக்கமும் கரிசல் காடு. தூரத்தில் வேப்பமரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளித் தெரிந்தன. கம்பெனி வாசலுக்கு நேரே ஒரு வேகத்தடை. லோடு லாரிகளுக்காகப் போட்டது, குட்டிக் கரடுபோல இருந்தது. மாமா அதைப் பார்த்தார், வாசலையும் பார்த்தார், முதுகை நிமிர்த்திக்கொண்டார். மூன்றிலிருந்து இரண்டு. டொம்.

அன்றைக்கு விழுந்ததுபோல அது என்றைக்கும் விழுந்ததில்லை. கார் நின்றதும் வழக்கம்போல நான் தட்டோடு இறங்கி, வேகத்தடையைத் தாண்டிப் போய் நின்றேன். அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலிருந்தும் பெண்கள் ஓடிவந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார்கள். யார் காலிலும் செருப்பு இல்லை. ஒருவரும் கத்தவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் போகிற ஊரிலெல்லாம் காரைப் பார்க்க ஆட்கள் வருவார்கள்தான், ஆனால் இத்தனை பேர், இத்தனை வேகத்தில் வந்ததில்லை. பெரியவர் என்ற முறையில் நான் கையை உயர்த்தி ஆட்டினேன்.

ஒருத்தி நேராக என்னை நோக்கி வந்தாள். கார் அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அவள் காரைப் பார்க்கவில்லை. ஓடிவந்த வேகத்திலேயே என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, ரோட்டைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடினாள். தட்டு விழுந்து ஆப்பிள்கள் உருண்டன. வெகுதூரம் போய் என்னைத் தரையில் போட்டு மேலே கவிழ்ந்துகொண்டாள். என் காது அவள் நெஞ்சில் அழுந்தியிருந்தது. அப்படி அடிக்கிற நெஞ்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. "பொகையவே காணமே?" என்று யாரோ சொன்னார்கள். பிறகு வாசலிலிருந்து போர்மேன் கத்தினார். "காரு! காரு சத்தந்தான்! ஒண்ணுமில்ல, எந்திரிங்க!"

அவள் எழுந்து உட்கார்ந்து என் கையையும் காலையும் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகலையே தாயி?"

நான் பாவாடையைக் காட்டினேன். இடுப்பில் இரண்டு பக்கமும் பத்து விரல்களும் அப்படியே வெள்ளி வெள்ளியாக ஒட்டியிருந்தன. புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்த கை. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். பாவாடைக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. "பரவால்லக்கா, எங்கம்மா தொவச்சிருவாங்க" என்றேன்.

ரோட்டில் இன்னொருத்தி மாமாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வெளாடுறதுக்கு ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? நாலு பிள்ள பெத்தவ நான், இப்பிடி ஓட விட்டுட்டியே." மாமா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். பெண்ணின் அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். அவரும் காரைப் பார்க்கவில்லை. "எல்லாரும் வெளிய வந்துட்டீகளா? உள்ள ஒருத்தரும் இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மாமா பக்கம் திரும்பினார்.

"வாங்க மாப்ள. வண்டி நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கிடுங்க. இந்தப் பக்கம் மட்டும் கொண்டாராதீக."

மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போர்மேன் விடவில்லை. "இம்புட்டுக்காணு காரு, நாலு பேரு தள்ளுனாப் போதும்" என்று அந்தப் பெண்களே கம்பெனி எல்லையைத் தாண்டும்வரை தள்ள வந்தார்கள். மாமாவைத் திட்டியவளும் வந்தாள். என்னையும் பொறுக்கிய ஆப்பிள்களையும் உள்ளே உட்காரவைத்தார்கள். அன்றுதான் முதல்முறையாக வேகத்தடைக்கு நான் இறங்கவில்லை. அடிவயிறு சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. மாமா குனிந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், கார் பாஸ் ஆகிவிட்டது, வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று நான்தான் அறிவித்தேன். தாத்தா செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். "வித்துரலாம்பா" என்றார் மாமா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயித்த பிறகு ஒருவர் எதற்காக விற்க வேண்டும்? அந்த மாதமே கார் மதுரைக்குப் போய்விட்டது. மாமா பின்னால் வாங்கிய கார் பெரியது. அதில் எல்லோருக்கும் இடம் இருந்தது. அவர் அதை ஊர் போய்ச் சேருவதற்காக ஓட்டினார்.

கம்பெனிக்குப் போய்வந்த அன்று மத்தியானம் அம்மாவிடம் பாவாடையைக் காட்டி, ஒரு அக்கா இப்படிச் செய்துவிட்டாள், ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை, மன்னித்துவிட்டேன் என்றேன். அம்மா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். மாமா தணிந்த குரலில் என்னவோ சொன்னார். உயிருக்குப் பயந்து ஓடுகிற ஒருத்தி, யார் பெற்றதென்றே தெரியாத ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது. அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பாவாடையை வாங்கி மடியில் விரித்து, அந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பிறகு மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். தீபாவளிக்குக் கட்டக் கேட்டேன், பொங்கலுக்கும் கேட்டேன். அவள் அதைத் துவைக்கவே இல்லை. சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.