நீலம் பாய்ந்த கிராங்க்

முத்தியால்பேட்டையில் எஞ்சின் பிரித்து மாட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கோளாறு இன்னதென்று அவர்களே சொல்ல ஆரம்பித்தால் ஸ்பேனரை அவர்கள் கையில் கொடுத்து, "அப்ப நீங்களே பிரிச்சிடுங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவேன். ஒருத்தர் நிஜமாகவே பிரித்துவிட்டார். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

இது வைத்திக்குப்பத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த ஒரு பழைய டீசல் காரின் கதை. கார் ஒரு மீன்காரம்மாவுடையது. பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மீன் பெட்டிகளை அடுக்கி, காலாப்பட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். ஓட்டுவது அவள் தம்பி. காரைக் கவனித்துக்கொள்வது அவள் புருஷன். முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போவதை விட்டவர், படகின் மீது வைத்திருந்த பாசத்தையெல்லாம் அந்தக் காரின் மீது இறக்கி வைத்திருந்தார்.

பட்டறைக்குள் நுழையும்போதே தீர்ப்போடு வந்தார். "மச்சான் ரேஸ் ஓட்டிட்டான் மேஸ்திரி. ஈசிஆர்ல பஸ்ஸ முந்துறான். எஞ்சின் வெந்துடுச்சி. பிரிச்சிப் பாத்து, உங்க வாயால ஒரு தரம் சொல்லிடுங்க, போதும்."

ஸ்பேனரை எடுத்து நீட்டலாம் என்றுதான் நினைத்தேன். அவர் பின்னால் நின்ற அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். புருஷன் டீக்கடைப் பக்கம் போனதும் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, தம்பிய ஊட்ட விட்டு வெரட்டிட்டாரு. வல போட்டு வெக்கிற கொட்டாயில படுத்துக் கெடக்கான். எங்கம்மா போனதுலேர்ந்து அவனுக்கு எல்லாம் நாந்தான். ரேஸ் ஓட்டலன்னு எங்கிட்ட சத்தியம் பண்றான். அவரு கேட்டாத்தான? நீங்க சொன்னா கேக்குறன்னிருக்காரு. அவன் ஊட்டுக்கு வர்றதும் வராததும் உங்க கையிலதான் இருக்கு."

நல்ல வேலையடா சாமி என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங்க் தண்டைப் பார்த்து வண்டியின் குறையைச் சொல்வேன். குடும்பத்தின் குறையைச் சொல்லச் சொல்கிறார்கள்.

எஞ்சினைப் பிரித்துக் கிராங்க்கை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தபோது இருவரும் வந்து நின்றார்கள். இரும்பு சூடு கண்டால் நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அதையும் தாண்டினால் நீலம். அந்தக் கிராங்க் முழுக்கப் பழுப்பும் நீலமுமாகத்தான் இருந்தது. புருஷன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெந்துருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. துணியைத் தின்னரில் நனைத்து ஒரு தேய் தேய்த்தேன். பழுப்பு மொத்தமும் துணியோடு வந்துவிட்டது. "இது சூடு இல்லண்ணே, கருகின எண்ணெய். தோசைக்கல்லுல ஒட்டுற பிசுக்கு மாதிரி. சூட்டுக் கறைன்னா தேய்ச்சாலும் போவாது."

"அப்ப இந்த நீலம்?"

"பக்கவாட்டுல இருக்குறதா? அது ஃபேக்டரில கெட்டிப்படுத்தச் சூடு காட்டினப்ப வந்தது. பொறந்தப்பவே இருக்குற மச்சம். அதுக்கும் உங்க மச்சானுக்கும் சம்பந்தம் இல்ல."

அந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. பேரிங் உட்காரும் பளபளப்பான நாலு இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனேன். நாலாவதில் நல்ல நீலம். எத்தனை தேய்த்தும் அசையவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பேரிங் உருகித் தகடாகிப் போயிருந்தது. இது உண்மையான சூடு. பொய் சொல்ல முடியாது, சொல்லிவிட்டேன்.

"ரேசு" என்றார் புருஷன்.

"கொஞ்சம் இருங்க. கண்டபடி ஓட்டிக் கொதிச்சிருந்தா நாலு எடமும் வெந்துருக்கணும். மொத எடம் சுத்தமா இருக்கு. ரெண்டாவது சும்மா தொட்ட மாதிரி. மூணாவதுல மஞ்சள். நாலாவதுலதான் நீலம். எண்ணெய் கடைசியாப் போய்ச் சேர்ற எடம் அதுதான். எண்ணெய் வராம காஞ்சிருக்கு."

அவ்வளவுதான், மனுஷன் எகிறிவிட்டார். எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் ஆயில் குச்சியைத் தினமும் காலையில் உருவிப் பார்ப்பது அவர். குச்சியில் தினமும் மேல் கோடு வரைக்கும் எண்ணெய். ஒரு நாள்கூடக் குறைந்ததில்லை. அவர் வேலையிலேயே நான் குறை சொல்கிறேனா என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

எண்ணெய் இருந்தது என்றால் அதை ஏற்றுகிற பம்ப்பில் கோளாறு இருக்க வேண்டும். பம்ப்பைப் பிரித்தேன், புதுசு மாதிரி இருந்தது. கிராங்க்குக்குள் எண்ணெய் போகும் துளைகளில் காற்றடித்துப் பார்த்தேன், எங்கேயும் அடைப்பில்லை. அந்தம்மா மீன் விற்றுவிட்டுப் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்வதும், நான் அந்தக் கிராங்க்கை முறைப்பதுமாக நாள் போனது. என்னை ஏய்க்கிற இரும்பைக் கண்டால் எனக்கு ஆகாது. "தெரியலம்மா" என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு தரம் கேட்டேன்.

"தெரியலன்னா அவரு செயிச்சிட்டாருன்னுதாண்ணே அர்த்தம்" என்றாள்.

சரி, கார் குடியிருந்த இடத்தையாவது பார்ப்போம் என்று என் காரை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன். வலைக் கொட்டகைக்குப் பின்னால், மணல் கடலைப் பார்த்துச் சரியும் இடத்தில், படகுகளுக்கு நடுவே காருக்கும் ஓர் இடம் இருந்தது. டயர் தடம் இன்னும் அழியவில்லை. சரிவில் இறங்கி, கடலைப் பார்த்த முகமாக நின்றிருக்கிறது. அந்தம்மாவும் புருஷனும் வந்து நின்றார்கள், அவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே, தெனம் இப்பிடியேதான் நிறுத்துவீங்களா?"

"பின்ன? இங்க எந்தப் படகாச்சும் கடலுக்குப் பின்னாடியக் காட்டிக்கினு நிக்குதா பாருங்க. காலைல ஸ்டார்ட் பண்ணி, பெட்டி ஏத்துற வரைக்கும் ஓடவிட்டு, மோட்டார் சூடு புடிச்சப்புறந்தான் எடுக்க விடுவேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பேசினால் இவர் கேட்க மாட்டார். அதே ரகமான என் காரை மேட்டில், சமமான ரோட்டில் நிறுத்தி, குச்சியை உருவி அவர் கையில் கொடுத்தேன். எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே கிடந்தது. மெக்கானிக் காரின் லட்சணம் அவ்வளவுதான், ஊர் வண்டிக்கெல்லாம் பார்ப்பேன், என்னுடையதைப் பார்க்க மாட்டேன். பிறகு காரைச் சரிவில் இறக்கி, அந்தத் தடத்திலேயே மூக்கைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் விட்டு, "இப்பப் பாருங்க" என்றேன்.

குச்சியில் மேல் கோடு வரைக்கும் எண்ணெய்.

லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். அதே கோடு.

"எண்ணெய் எல்லாம் முன்னாடி வந்து தேங்கிடுதுண்ணே. குச்சி இருக்குறது முன்னாடி, அதான் கொறஞ்சிருந்தாலும் ஃபுல்லுன்னு காட்டுது. பம்ப்பு உறிஞ்சுற குழாய் இருக்குறது பின்னாடி. அங்க வெறுங்காத்து. நீங்க சூடு புடிக்கட்டும்னு ஓடவிட்டீங்க பாருங்க, அப்பத்தான் அந்த நாலாவது வெந்துருக்கு. தெனம் கொஞ்சம் கொஞ்சமா."

அவர் இன்னொரு தரம் குச்சியைப் பார்த்தார். கொட்டகை வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான், ஆனால் கிட்டே வரவில்லை.

"ஏன்டா, வண்டிய மேட்டுல போடலாம்னு நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் அவனைப் பார்த்து. குரலில் பழைய அதட்டல் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"சொன்னேன் மாமா. கடலுக்குப் போவாதவன் பேசாதன்னீங்க."

குச்சியைக் கையில் பிடித்தபடியே மணலில் நொண்டி நொண்டி ஏறிப் போனார். அடிக்கப் போகிறாரோ என்று நான்கூட ஓர் அடி முன்னால் வைத்தேன். அவன் எதிரில் போய் நின்று, "என் தப்புதான்டா மச்சான்" என்றார். "வா, ஊட்டுக்குப் போவலாம்."

"சாப்ட்டுட்டேன் மாமா" என்றான் அவன், அது ஏதோ பதில் மாதிரி.

"எங்கடா சாப்ட்ட?" என்று அக்கா ஓடினாள். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, திட்டி, கடைசியில் அழுதுவிட்டாள். அவனும் அழுதான். அந்த மனுஷன் மட்டும் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து முகத்தைக் கரியாக்கிக்கொண்டார்.

குச்சியை வாங்கிச் செருகிவிட்டுக் காரை ஸ்டார்ட் செய்தேன். பின்னால் எடுக்க வேண்டும். மூன்று பேரும் சரியாக என் காருக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹாரன் அடிக்க மனம் வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கலாம் என்றால், அந்தச் சரிவில் அதுவும் முடியாது. அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.