தானாக விழ வேண்டிய மாலை

அந்த ஐப்பசி முழுக்க, வார விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போனால் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் படகுக்குத்தான் போவேன். ஒரு வாளித் தண்ணீரை மொண்டு தளத்தில் ஊற்றுவேன். அது பின்பக்கமாக ஓடி, இரண்டு மூலையிலும் இருக்கிற துளைகளின் வாயில் சுழன்று, உறிஞ்சுகிற சத்தத்தோடு வெளியே போக வேண்டும். வாரத்துக்கு வாரம் அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

எங்களுக்குக் கடல் பழக்கமில்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அக்கா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு வந்தாள். அங்கே கான்ட்ராக்டில் இருந்த பழவேற்காட்டுக்காரரைக் கட்டிக்கொண்டாள். கான்ட்ராக்ட் முடிந்ததும் மாமா அக்காவோடு பழவேற்காட்டுக்குப் போய்ப் படகுக்கே திரும்பிவிட்டார். டிப்ளமோ முடித்து அதே கும்மிடிப்பூண்டிக்கு நானும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் என்பதால் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். நைனாவின் மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரரின் செல்போன், இப்போது படகின் ஓட்டை.

"தண்ணி நிக்குதுடா அதுல," என்றாள் அக்கா. "மாமா ஒண்ணியும் இல்லேங்குது. நீ பாத்து சொல்லு."

"கொஞ்சம் தண்ணி நின்னா இன்னா ஆவும்?"

"தட்டுல ரசத்த ஊத்தினு நடந்து பாரு. ஒரு பக்கம் சாஞ்சா எல்லாம் அந்தப் பக்கமே ஓடும். அப்பறம் தட்டு நிக்குமா?"

மாமாவுடையது சின்ன ஃபைபர் படகு. தளத்துக்குக் கீழே நுரைக்கட்டைகளை அடைத்து மூடியிருப்பார்கள். அலை உள்ளே கொட்டுகிற தண்ணீர் தளத்தின் மேலேதான் நிற்கும். அது வெளியேற அந்த இரண்டு துளைகளை விட்டால் வேறு வழி கிடையாது. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் வளைந்து இறங்கி, பின்பலகையில், இன்ஜின் விசிறிக்குக் கையெட்டும் தூரத்தில் திறக்கும்.

ஒரு சைக்கிள் கம்பியை வளைத்து மேலிருந்து விட்டுக் குடைந்தேன். மீன் செதில், அறுந்த வலை நூல், பழவேற்காடு ஏரியில் படிகிற சாம்பல் நிறச் சேறு எல்லாம் வந்தன. அவற்றோடு கறுத்து வழவழவென்று வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தேன். அழுகிய சாமந்தி.

ஆயுத பூஜைக்கு மாமா படகின் மூக்கில் பெரிய சாமந்தி மாலை கட்டியிருந்தார். நடுநடுவே தங்க ஜரிகை வைத்துக் கட்டிய மாலை. பூஜைக்குப் போட்டதை அந்த ஊர்க்காரர்கள் கையால் கழற்ற மாட்டார்கள். காய்ந்து, அறுந்து, தானாகக் கடலில் விழ வேண்டும். விழுந்தால் கடல் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். கடலில் விழாமல் படகுக்குள் உதிர்கிற பூவைக் குப்பையில் போடுவதும் கிடையாது, காலில் படவிடுவதும் கிடையாது. தினமும் கரை சேர்ந்ததும் மாமா பயபக்தியோடு தண்ணீர் ஊற்றி, அந்தப் பூக்களை ஒன்று விடாமல் துளை வழியாகத்தான் வெளியே அனுப்புவார்.

"மாமா, பூவெல்லாம் பைப்புலியே தங்கிடுது. மாலைய எடுத்துடலாம்."

"தண்ணி போவுது இல்ல?"

"லேட்டா போவுது."

"லேட்டா போனாலும் போவுது இல்ல மச்சான்? நீ கம்பெனி மிஷின பாரு. இது சாமி விசயம்."

மாமாவோடு கடலுக்குப் போகிறவர் அவருடைய சித்தப்பா. நானும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். வலையைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். "படிச்ச புள்ள, காத்துல இருக்கற சாமி தெரியாது, பைப்புல இருக்கற பூ மட்டும் தெரியும்."

அடுத்த வாரம் ஊற்றிய வாளித் தண்ணீர் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. நான் நின்றேன், அதுவும் நின்றது, பிறகு யோசித்துப் போவதுபோல மெல்ல இறங்கியது. வானம் வடகிழக்கில் கறுத்துக் கிடந்தது. அக்கா டீயை நீட்டிவிட்டு, கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நாளிக்கு நீயும் போ. கடல்ல தண்ணி போவுதா இல்லியான்னு உன் கண்ணால பாத்துனு வா. அது வாயால சொல்றத நா நம்ப மாட்டேன்."

மறுநாள் வெளுக்கும்போது கிளம்பினோம். போகும்போது ஏரி தட்டு மாதிரி இருந்தது. முகத்துவாரத்தைத் தாண்டும்போது ஒரே ஒரு அலை உள்ளே எட்டிப் பார்த்தது. அந்தத் தண்ணீர் என் கணுக்காலைச் சுற்றி வெகுநேரம் நின்றது. மாமா அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

வலையை இழுத்து ஏற்றி முடிப்பதற்குள் காற்று மாறிவிட்டது. திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் மணல் திட்டின் மேல் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்தன. அதற்குள் புகுந்துதான் ஏரிக்குப் போக வேண்டும். திட்டை நெருங்குவதற்கு முன்பே ஒரு அலை பக்கவாட்டில் ஏறி, படகுக்குள் முழுசாக விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. படகு இடப்பக்கம் சாய்ந்தபோது எல்லாத் தண்ணீரும் அங்கே ஓடியது. வலையும் கூடவே சரிந்தது. படகு திரும்ப நிமிர நேரம் எடுத்துக்கொண்டது. ரசம் ஊற்றிய தட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

சித்தப்பா வெட்டிய ஆயில் கேனால் மொண்டு மொண்டு வெளியே எறிந்தார். நான் மண்டியிட்டு, தண்ணீருக்குள் தடவித் துளையைக் கண்டுபிடித்துக் கம்பியை விட்டேன். உள்ளே மெத்தென்று எதுவோ தடுத்தது. அழுத்தினால் போனது, விட்டால் திரும்பி வந்தது. அடுத்த துளையிலும் அதேதான்.

"மேல இருந்து வராது மாமா. வெளிய இருந்துதான் இழுக்கணும்."

"வெளிய விசிறி சுத்தினு கீதுடா!"

"நிறுத்துங்க."

"இங்க நிறுத்தினா அலை பொரட்டிடும்."

சித்தப்பா கேனைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினார். "இப்ப மட்டும் இன்னா தாலாட்டுதா? வெளிய திருப்பு. திருப்பி நிறுத்து."

அலைக்கு முகம் காட்டி மாமா படகைத் திருப்பினார். திட்டை விட்டு விலகியதும் இன்ஜினை நிறுத்தினார். திடீரென்று கடலின் சத்தம் மட்டும். காற்று எங்களைத் திரும்பத் திட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் பின்பலகையில் குப்புறப் படுத்து இடுப்புவரை வெளியே தொங்கினேன். சித்தப்பா என் கால்கள்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சீக்கிரம் கண்ணு. வெள்ள நுரை தெரியுது பின்னால."

குழாய் வாயில் விரலுக்கு ஒரு நுனி தட்டியது. ஜரிகை. விரலில் சுற்றி இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் மாமா கும்பிட்டு அனுப்பிய பூவெல்லாம் அந்த ஜரிகையில் கருப்புக் கருப்பாகக் கோத்துக்கொண்டு, இன்னொரு மாலையாகவே வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. அடுத்த துளையில் நுனி கிடைக்கவில்லை. இரண்டு விரலை விட்டுப் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். உள்ளே உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மாமா கயிற்றை இழுத்தார். இன்ஜின் பிடிக்கவில்லை. திட்டின் இரைச்சல் பக்கத்தில் வந்துவிட்டது. மறுபடி இழுத்தார். இருமியது. பிடித்துக்கொண்டது.

ஏரிக்குள் வந்த பிறகுதான் என் கையில் அது இன்னும் இருப்பதைச் சித்தப்பா பார்த்தார். "அத கைல வெச்சிக்காத. தண்ணில உடு." நான் விடவில்லை. அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

கரையில் அக்கா நின்றிருந்தாள். எங்கள் துணியைப் பார்த்தாள். நான் நீட்டியதை வாங்கி விரித்துப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் மீன் அறுக்கிற கத்தியோடு வந்தாள். அந்த ஊரில் பெண்கள் படகைத் தொட மாட்டார்கள். அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூக்கில் மிச்சமிருந்த மாலையை எட்டி அறுத்தாள். அது விழுந்து மிதந்தது. மாமா இன்ஜினைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "மாலைய கையால அறுத்த படகு. இனிமே நா ஏற மாட்டேன்."

"உயிரோட வந்துகீறீங்க மாமா," என்றாள் அக்கா சித்தப்பாவிடம். அவளுக்கு அவர் மாமனார் முறை.

"வந்தேன். இல்லேங்கல. அடுத்த வாட்டி யாரு கொண்டாந்து உடுவாங்க?"

அந்த வாரம் மாமா தனியாகவே போனார். கம்பெனியின் தகரக் கூரையில் மழை இறங்கும்போதெல்லாம் மிஷின் சத்தம் எனக்குக் கேட்காமல் போகும். துளைகள் திறந்திருக்கின்றன, தண்ணீர் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாலையைப் பற்றி நினைக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொள்வேன். அக்காவிடமிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன் ஒரு கணம் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பேன். "வந்துடுச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள்.

விடுமுறையில் நான் போனபோது சித்தப்பா கரையில் இருந்தார். கையில் வாழைநாரில் கட்டிய சின்ன மாலை.

"ஜரிகை இல்ல, பாத்துக்க," என்றார் அக்காவிடம். "வெளிப்பக்கமா கட்டிக்கிறேன். உழுந்தா தண்ணிலதான் உழும். நா ஏறலேன்னா உன் புருசனுக்குத் துணை இல்ல. இது இல்லாட்டி எனக்குத் துணை இல்ல."

அக்கா அந்த நாரைத் தொட்டுப் பார்த்தாள். நான் ஒரு வாளி ஊற்றினேன். தண்ணீர் சத்தத்தோடு இறங்கியது. சித்தப்பா தலையாட்டிவிட்டு மாலையைக் கட்டி ஏறிக்கொண்டார். மாமா கயிற்றில் கை வைத்தார்.

காற்று திரும்பியது. மாலையிலிருந்து ஒரு இதழ் பிரிந்து, விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்து, ஈரத் தளத்தில் ஒட்டிக்கொண்டது. நான்கு பேரும் பார்த்தோம். அக்கா தண்ணீரில் இறங்கி, கையை உள்ளே நீட்டி, அதை எடுத்து விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். படகு முகத்துவாரத்தைத் தாண்டி மறையும்வரை அவள் அந்த விரல்களைப் பிரிக்கவே இல்லை.