சச்சிதானந்தனின் இரண்டு மேசைகள்

கையெழுத்துப் போடுவதற்கு முன் சச்சிதானந்தன் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். எதிரே இருப்பவர் இலங்கையில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்று, இந்த நாட்டுக்கு வந்தவராக இருப்பார். இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அவருக்குக் கொழும்பிலிருந்து பென்சன் வரும். சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் மூலை மேசையில் அதைக் காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கும் ஜே.பி., அதாவது சமாதான நீதவான், சச்சிதானந்தன்.

“முகம் மாறிப்போச்சே?”

“வயசு போகுதுதானே, அண்ணை.”

“போகட்டும். கண்ணாடியைக் கழட்டுங்கோ.”

வாரநாட்களில் அவருக்கு வேறு மேசை. ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் ஒரு இனிப்புக் கடைக்கு மேலே, ஜிலேபி வாசம் படியேறி வரும் அறையில், வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். மேசைக்கு ஒரு கால் கட்டை, எழுதும்போதெல்லாம் ஆடும். ரசீதுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வேலைக்கு வாங்கிய சப்பாத்து என்று யாராவது சொன்னால் குனிந்து காலைப் பார்ப்பார். கடைசியில், “வெளிநாட்டுக் காசு ஏதும் வருதோ?” என்று கேட்பார். சனிக்கிழமை கையெழுத்து வாங்கிப் போனவர்களே செவ்வாய்க்கிழமை இல்லை என்பார்கள்.

“அப்ப நான் உயிரோட இருக்கிறார் எண்டு எழுதினது ஆரை?”

வேறு வருமானம் குறைவென்றால் அந்தப் பென்சனால் வரி வராது, மறைத்தால்தான் தண்டம் என்று பிறகு எரிச்சலோடு விளக்குவார்.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை தாட்சாயினி ரீச்சர் வரிப் படிவம் நிரப்ப வந்தார். குவேக்கர்ஸ் ஹில்லில் மகன் சுதர்சனோடு இருக்கிறார். ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் சமையல். மூன்று நாளைக்கு முன் நூலகத்துக்குத் தனியாக பஸ்ஸில் வந்து கையெழுத்து வாங்கிப் போனவர், அன்று மகனோடு வந்திருந்தார்.

“வெளிநாட்டுக் காசு?”

“அம்மாக்கு ஒண்டும் வாறேல்ல, அங்கிள். பென்சனை எப்பவோ விட்டிட்டா,” என்றான் சுதர்சன். தன் ஈமெயிலை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினான். “படிவத்தின்ர கொப்பியை இதுக்கு அனுப்புங்கோ. நான் செக் பண்ணோணும்.”

அகப்பட்டாச்சு என்று நினைத்து, சச்சிதானந்தன் வழக்கமான கேள்விக்கு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வரிக்குப் பயந்தவர்கள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ரீச்சர் மகனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கீழ ஒரு மணித்தியாலம்தான் கார் விடலாம். பாத்திட்டு வாங்கோ, ஃபைன் அடிச்சுப்போடுவாங்கள்.”

அவன் படியிறங்கும்வரை காத்திருந்தார்.

“பென்சன் காசு எங்க போகுது, ரீச்சர்?”

“ஊரில மூத்தவளுக்கு. தன்ர விருப்பத்துக்குக் கட்டினவள். இவன் பதினொரு வருசமா அவளோட கதைக்கிறேல்ல. தெரிஞ்சா நிப்பாட்டிப்போடுவான்.”

“மகள்தானோ? ஆரும் உங்களை ஏமாத்தேல்லையே?”

ரீச்சர் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். அவர் படத்தைப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“சரி. உங்கட சம்பளத்தோட சேத்தாலும் வரி வராது. ஆனா எழுதத்தான் வேணும்.”

“எழுதினா அவன் பாப்பானே.”

சச்சிதானந்தன் பென்சன் தொகையைக் கேட்டு, இரண்டு தரம் சரிபார்த்து, படிவத்தில் ஏற்றினார். படியில் சுதர்சனின் காலடி கேட்டது. அவன் ஈமெயில் எழுதித் தந்த துண்டை எட்டாக மடித்தார். குனிந்து, மேசையின் கட்டைக் காலுக்குக் கீழே செருகி, மேசையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.